பல் பெட்டியில் கரண்ட்

நான் கூலிக்கு நின்ற வீட்டு அக்காவுக்குக் கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்து, கன்னம் வீங்கி, ஒரு கண் பாதி மூடிவிட்டது. மூன்று நாளாகக் கஞ்சித் தண்ணீர்தான். அதையும் மற்றப் பக்கத்தால் உறிஞ்சிக் குடித்தார். இரவெல்லாம் முனகும் சத்தம் மாட்டுக் கொட்டிலில் படுத்திருக்கும் எனக்கே கேட்கும்.

இரணைமடுக் குளத்திலிருந்து வரும் வாய்க்கால் ஓரத்து வயல் குடியிருப்பு அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சண்டையில் மின்சாரம் போய்ப் பல வருடம். கம்பங்கள் மட்டும் நின்றன. நாலாம் நாள் பல் பெட்டி வந்திருக்கிறது என்று யாரோ வந்து சொன்னார்கள்.

பல் பெட்டி என்றால் உழவு மெசின் இழுக்கும் பெட்டிதான். சுற்றிவரத் தகரம் அடித்து, கூரை போட்டு, உள்ளே சாய்ந்திருக்க ஒரு கதிரை, ஒரு லைற், பல் குடையும் மோட்டர். ஒரு பல் டொக்டர் அம்மா, ஒரு சாரதி, அவ்வளவுதான் ஆட்கள். மரத்தடியில் சின்ன ஜெனறேற்றர் ஒன்று மண்ணெண்ணெயில் ஓடும். இரண்டு சொட்டுப் பெற்றோல் காட்டினால்தான் அது உயிர் பிடிக்கும். ஓர் ஊரில் ஒரு நாள். பின்னேரம் ஒட்டுசுட்டானுக்கு வெளிக்கிட்டால் திரும்ப வர இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை அந்தக் கன்னம் தாங்காது என்பது பார்த்த எல்லாருக்கும் தெரிந்தது.

மழை அப்போதுதான் விட்டிருந்தது. அக்காவைச் சைக்கிள் கரியரில் இருத்திக் கொண்டுபோனேன். முகத்தைப் பார்த்ததும் வரிசையில் நின்றவர்கள் முதல் ஆளாக விட்டார்கள். அவர் பெட்டியின் இரும்புப் படிக்குக் கீழே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கைபிடிக் கம்பியைப் பிடித்தார். அடுத்த நொடி சேற்றில் இருந்தார்.

கரண்ட் அடித்ததென்று வீங்கிய வாயால் குழறிச் சொன்னார். டொக்டர் உள்ளே நின்றபடி தகரச் சுவரில் உள்ளங்கையை வைத்துக் காட்டினார். ஒன்றுமில்லை. சாரதி கீழே நின்று கம்பியைப் பிடித்து ஆட்டியும் காட்டினான். ஒன்றுமில்லை. பல்லுப் பிடுங்கப் பயந்தவர்கள் சொல்லும் சாட்டு இது, போன ஊரிலும் இதே கதைதான் என்றான். அடுத்து ஏறப்போன ஒரு பெரியவரும் கையை உதறிக்கொண்டு பின்னால் பாய்ந்தார். வரிசை கலையத் தொடங்கியது. அக்கா எழும்பிச் சைக்கிளடிக்குப் போய்விட்டார். செத்தாலும் அதில் ஏறமாட்டாராம்.

எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. ஆனால் வவுனியாவில் ஒரு ரேடியோக் கடையில் ஆறு மாதம் கூட்டித் துடைத்து, மோட்டருக்கு வயர் சுத்தவும் பழகியிருந்தேன். போய்க் கம்பியைத் தொட்டேன். ஒன்றுமில்லை. சாரதி சிரித்தான். சரி, உள்ளே பார்ப்போம் என்று செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு காலைச் சேற்றில் ஊன்றிக் கம்பியைப் பிடித்தேன். தோள்மூட்டு வரைக்கும் ஒரு உதறல். கை வலித்ததோ இல்லையோ, எனக்குள் ஒரே குதூகலம். பிடிபட்டுவிட்டது.

டொக்டர் ரப்பர் செருப்போடு நிற்கிறார். சாரதி ஒருநாளும் செருப்பைக் கழற்றுவதில்லை. சனமோ கோயிலுக்கு ஏறுவதுபோல வாசலில் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு ஈர நிலத்தில் நின்று இரும்பைப் பிடிக்கிறது. ஜெனறேற்றரின் ஒரு வயர் மரத்தடி மண்ணில் இறக்கியிருக்கிறது. பெட்டி நிற்பது நாலு ரப்பர் ரயரில். தகரத்துக்குள் வந்த கரண்டுக்கு நிலத்துக்கு இறங்க வழியே இல்லை. வழியாக வந்து நிற்பது நோயாளி.

சாரதியிடம் ஒரு ஹோல்டரும் பல்பும் வாங்கினேன். பெட்டிக்கடியில் கிடந்த, குழி தோண்டும் இரும்பு அலவாங்கை ஈர மண்ணில் இறக்கி, செருப்பைப் போட்டுக்கொண்டு, பல்பின் ஒரு வயரை அலவாங்கிலும் மற்றதைப் பெட்டியின் இரும்பிலும் தொட்டேன். பல்ப் எரிந்தது. பட்டப்பகலில், ஜெனறேற்றர் வயரைத் தொடாமல், வெறும் நிலத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் எரிந்தது. கலைந்த வரிசை திரும்பி வந்து என்னைச் சுற்றி நின்றது.

அந்தச் சந்தோசப் புழுகத்தில் ஒரு பிழை விட்டேன். அலவாங்கையும் பெட்டியையும் ஒரு வயரால் நேரே இணைத்துவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன். இணைத்ததுதான் தாமதம், ஜெனறேற்றர் மேட்டில் ஏறும் லொறிபோல முனகி, லைற் மங்கிவிட்டது. ஒழுகும் பானையை அடைக்காமல் கீழே சட்டி வைத்த வேலை அது. வயரைக் கழற்றி, பல்பைத் திரும்பவும் மாட்டினேன். லைற்றின் பிளக்கை இழுத்தேன், பல்ப் அப்போதும் எரிந்தது. மோட்டரின் பிளக்கை இழுத்தேன், எரிந்தது. இனி மிச்சம் வயர்தான். ஜெனறேற்றரை நிற்பாட்டி, வயரைத் தடவிக்கொண்டே போனேன். தகரத்தில் துளை போட்டு வயர் உள்ளே வரும் இடத்தில் வெள்ளையாக ஏதோ சுற்றியிருந்தது. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர். மழையில் ஊறிக் கறுத்திருந்தது. உரித்தால் உள்ளே தகரத்தின் விளிம்பு வயரை வெட்டிச் செம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது.

“ஆர் இதுக்குப் பிளாஸ்டர் ஒட்டினது?” என்று டொக்டர் கேட்டார்.

“நீங்கள்தான் டொக்டர். வயருக்குச் சுத்துற ஒட்டு ரேப் தட்டுப்பாடு எண்டு நீங்கள்தானே எடுத்துத் தந்தனீங்கள்,” என்றான் சாரதி.

டொக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் சைக்கிள் பையிலிருந்த பழைய ரியூப்பை நாடாபோலக் கீலமாக வெட்டி, வயரில் இறுக்கிச் சுற்றினேன். துளையின் விளிம்புக்கும் ரப்பர் வைத்தேன். பிறகுதான் அலவாங்கு. நோயாளிகள் கொப்பளித்துத் துப்பும் இடம் எப்போதும் ஈரம். ஈரம் இருந்தால்தான் கரண்ட் நிலத்துக்கு நன்றாக இறங்கும். அங்கே ஆழமாக இறக்கி, வயரைப் பெட்டியில் பூட்டினேன். ஜெனறேற்றர் ஓடியது. முனகவில்லை. பல்பைப் பிடித்தேன். எரியவில்லை.

அக்கா பல்பை நம்பவில்லை. கன்னத்தைப் பொத்தியபடி வந்து நின்றார்.

“நீ முதல் பிடி. செருப்பைக் கழட்டிப்போட்டு, அந்தத் தண்ணிக்கை நிண்டு பிடி.”

நின்றேன். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. என் வேலையில் எனக்கு நம்பிக்கை இருந்தது, கைக்குத்தான் இல்லை. புறங்கையால் ஒருதரம் தட்டிப் பார்த்துவிட்டு, முழுக்கையாலும் பிடித்தேன். குளிர்ந்த இரும்பு. வேறொன்றுமில்லை.

“இனிச் செருப்போடையே ஏறுங்கோ,” என்றார் டொக்டர்.

“வைத்தியம் பாக்கிற இடத்துக்கை செருப்போடை ஏறுறதே?” என்று சொல்லிவிட்டு, அக்கா வெறுங்காலோடுதான் ஏறினார்.

உள்ளே மோட்டர்ச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை, குறடு வேலைதான். பிறகு ஒரு நீளமான முனகல். இறங்கி வந்தவர் வாயில் வைத்த பஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே அலவாங்கடிக்குப் போய், அதன்மேலேயே இரத்தமும் சீழுமாகத் துப்பினார். இரண்டாம் முறையும் கொப்பளித்துத் துப்பினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இந்த ஈரம் காணுமோடா, இன்னும் நனைக்கோணுமோ?”