வள்ளியின் முடி

டில்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் நல்லசிவத்துக்கு வாக்குத் தவறாதவர் என்று பெயர். சர்க்கார் ஆபீஸ் கிளார்க்குக்கு அது பெரிய பெயர்தான். அந்தப் பெயர்தான் அவர் வீட்டைப் பாழாக்கியது.

மகள் வள்ளியம்மை மூன்று வயதில் காய்ச்சல் கண்டு, கண் சொருகிக் கிடந்தாள். பிழைத்தால் அவளுக்குப் பழனியில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டார். தன் தலையை நேர்ந்திருக்கலாம். அன்று அதில் முடியும் இருந்தது. குழந்தை பிழைத்தது. சர்க்கார் செலவில் ஊருக்குப் போகும் எல்.டி.சி. வரட்டும் என்று காத்திருந்தார். ஒரு தடவை சாவுத் தீட்டு, ஒரு தடவை மனைவி பாப்பம்மாளுக்கு ஆபரேஷன், ஒரு தடவை லீவு கிடைக்கவில்லை. எல்லாம் கூடிவந்தபோது வள்ளிக்குப் பதினைந்து வயது. பின்னல் இடுப்பைத் தாண்டித் தொங்கியது.

ரயிலில் வழிநெடுக அழுதாள். “ஸ்கூல்ல டக்லி, மொட்டைன்னு கேலி பண்ணுவாங்கப்பா. ப்ளீஸ்.”

“மூணு கொத்து முடி குடுத்தாப் போதும்னு கோயில்லயே சொல்லுதாவ,” என்றாள் பாப்பம்மாள்.

“சாமிட்ட பேரம் பேசக் கூடாது. என் சோத்தைத் தின்னுதவரைக்கும் நான் சொன்னதுதான்.”

பழனியில் கத்தி தலையில் பட்டதும் வள்ளி அழுகையை நிறுத்திவிட்டாள். அதைச் சம்மதம் என்று நினைத்தார், பாவி மனுஷன்.

டில்லி திரும்பி, முடி விரல் நீளம் வளர்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை குளியலறையில் கத்தரிச் சத்தம் கேட்டது. ஒட்ட வெட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அதற்கப்புறம் வளர வளர வெட்டினாள். பாப்பம்மாள் கத்தரியை ஒளித்துவைத்தாள், வள்ளி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வேறொன்று வாங்கிவந்தாள்.

ஆபீசில் டைப்ரைட்டர் இரைச்சலுக்கு நடுவிலும் நல்லசிவத்துக்குக் கத்தரிதான் கேட்டது. மலை மந்திர் கோயிலில் போய் நின்றால் முருகன் முகம் தெரியவில்லை. கத்திக்குக் குனிந்த அந்தப் பிடரிதான் தெரிந்தது. பெற்ற பிள்ளையிடமே அவருக்குப் பயம் வந்துவிட்டது.

ஒருநாள் சத்தம் தாங்காமல் குளியலறைக் கதவைத் தட்டினார். “போதும்ட்டி. இனி வெட்டக் கூடாது. அப்பா சொல்லுதேன்.”

கதவு திறந்தது. அவள் முகத்தில் கோபமே இல்லை.

“அன்னிக்கும் நீங்கதாம்ப்பா சொன்னீங்க,” என்றாள். கத்தரியை அவரிடம் நீட்டிவிட்டு, திரும்பி நின்று தலையைக் குனித்தாள். “பின்னாடி எனக்கு எட்டல. நீங்களே வெட்டி விடுங்க.”

அவர் கத்தரியை வாங்கிக்கொண்டார். வள்ளி அசையாமல் நின்றாள். நல்லசிவம் அழுதுகொண்டே வெட்டினார்.