பச்சைச் சேலையும் பால்மாப் பேணியும்

எழுபதுகளில் கடல் கடந்து வந்து, நோபல் பார்க் என்ற புறநகரில் குடியிருந்தோம். தொழிற்சாலையில் ஆட்குறைப்பு என்று என் கணவரை நிறுத்தி ஏழாவது வாரம், வீட்டில் பால்மா முடிந்தது. தகரப் பேணியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன், ஒரு கரண்டிகூடத் தேறவில்லை. மகளுக்கு ஒன்றரை வயது. அரசாங்கக் காசுக்கு எழுதிப் போட்டிருந்தோம், அது வந்தபாடில்லை. அடுத்த தெருத் தேவாலய மண்டபத்தில் வியாழக்கிழமைகளில் இல்லாதவர்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் கொடுப்பதாகக் கேள்விப்பட்டு அவரிடம் சொன்னேன்.

“பிச்சை எடுக்கவே இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?”

“பிள்ளைக்குப் பால் வேணும். நீங்கள் வீட்டிலை இருங்கோ, நான் போறன்.”

எங்கள் ஆட்களுக்கு நாலு பேர் பார்க்கிற இடத்துக்குப் போவதென்றால் வடிவாக வெளிக்கிட வேண்டும். இருந்ததிலேயே நல்ல பச்சை மணிப்புரிச் சேலையை உடுத்து, கொண்டை போட்டு, பொட்டும் வைத்துக்கொண்டேன். அந்த நேரத்திலும் கண்ணாடியை இரண்டு தரம் பார்த்தேன். விசரி!

மண்டபத்தில் பழைய கோட்டுகளோடு ஒரு வரிசை நின்றது. அதன் வாலில் போய் நிற்கக் கால் வரவில்லை. வாசலிலேயே நின்று, மேசையில் அடுக்கியிருந்த பால்மாப் பேணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேசைக்குப் பின்னால் இருந்த வயதான வெள்ளைக்கார அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். எழுந்து வந்து, எங்களுக்கு ஒத்தாசை செய்ய வந்தாயா என்று கேட்டார்.

பால்மா வேண்டும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “யெஸ்” என்று சொல்லிவிட்டேன்.

அவர் என் சேலைக்கு மேல் ஏப்ரன் ஒன்றைக் கட்டிவிட்டார். காலை முழுக்க உருளைக்கிழங்கும் பாண் ரொட்டியும் எடுத்துக் கொடுத்தேன். எத்தனை பால்மாப் பேணிகள் என் கையாலேயே போயின! பெருமை பிடித்த மூதேவி, பிள்ளைக்கு என்னடி கொடுக்கப் போகிறாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன். வேலை முடிந்து வெறுங்கையோடு வாசலுக்கு வந்தபோது அந்த அம்மா கூப்பிட்டார். கையில் ஒரு பெட்டி. வேலை செய்தவர்கள் ஆளுக்கொரு பெட்டி கொண்டுபோக வேண்டும், இங்கே அதுதான் சட்டம் என்றார்.

பெட்டியில் மேலாக இரண்டு பால்மாப் பேணிகள் இருந்தன. வீட்டில் பிள்ளை இருப்பதாக நான் யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

“வேலை செய்தனான், தந்தவை” என்றேன் கணவரிடம். அவர் பேணியை உடைத்துப் பால் கரைத்தார். மகள் குடித்துவிட்டு என் மடியிலேயே தூங்கிப்போனாள்.

அதன்பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் போனேன், மற்றவர்கள் போன பிறகு அந்த அம்மா ஒரு பெட்டியைக் கையில் தருவார். நாலு மாதம் கழித்துக் கணவருக்கு வேலை கிடைத்தது. அடுத்த வியாழக்கிழமை, மண்டபத்தில் என்னோடு வேலை செய்கிறவளிடம், இனி என் பெட்டியை வேறு யாருக்காவது கொடுங்கள் என்றேன். எந்தப் பெட்டி என்று அவள் முழித்தாள். ஆறு வருடமாக வருகிறாளாம், ஒரு துண்டுப் பாண்கூட வீட்டுக்குக் கொண்டுபோனதில்லையாம்.

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அந்த அம்மாவுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது! திரும்பி அவரைப் பார்த்தேன். முட்டைக்கோவாவை வெட்டிக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. என்னை இப்படி ஏமாற்றிவிட்டாரே என்று முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அழுகை வந்தது. குசினிக்குள் போய் முகத்தைக் கழுவி, அவருக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து வைத்தேன். அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருநாளும் பேசவில்லை.

அந்த வருடக் குளிர்காலத்தில் ஒரு வியாழக்கிழமை, வாசலில் ஒருவர் வந்து நின்றார். கோட், டை, பளபளவென்று துடைத்த சப்பாத்து. நெற்றியில் மெல்லிய திருநீறு. என்னைக் கண்டதும் முகம் கறுத்து, திரும்பிப் போகப் பார்த்தார். ஓடிப்போய் மறித்தேன்.

“அண்ணை, நில்லுங்கோ! இஞ்சை வேலைக்கு ஆள் காணாது. இந்தக் கிழங்கு மூட்டையை ஒருக்காப் பிடிப்பியளே?”

“ஓம்… ஓம், அதுக்குத்தான் வந்தனான்” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

“வேலை செய்யிறவை போகேக்கை ஒரு பெட்டி கொண்டுபோக வேணும். இஞ்சத்தைச் சட்டம் அது.”

சொல்லிவிட்டுத் திரும்பினேன். ஒரு சொல் தமிழ் தெரியாத அந்த அம்மா, அதற்குள் வெறும் பெட்டி ஒன்றை எடுத்து நிரப்பத் தொடங்கியிருந்தார்.