உறுமியைத் துடைத்த மென்பொருள்

எங்கள் குழுவுக்குப் பாட்டுப் பதிவு மென்பொருள் வாங்கியபோது, அதில் உறுமி எப்படிக் கேட்கும் என்று ஒருத்தராவது சோதித்துப் பார்த்தார்களா? இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நாங்கள் உறுமி மேளக்காரர்கள். எங்கள் ஊர் ஜெலுத்தோங்கில் மோட்டார் பட்டறைக்கு மேலே உள்ள அறையில்தான் பயிற்சி. ஆண்கள் நாலு பேர், பெண் நான் ஒருத்தி. அவர்களுக்குத் தவில், கீபோர்டு, பாட்டு. உறுமி என் கையில். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்தால் அடிவயிற்றிலிருந்து வருவதுபோல ஒரு முனகல் எழும். தண்ணீர்மலைக் கோயிலுக்குக் காவடி எடுப்பவருக்கு அந்தச் சத்தத்தில்தான் அருள் வரும். அது இல்லாவிட்டால் எங்களை யார் கூப்பிடப் போகிறார்கள்?

இந்த உறுமியால் வீட்டில் நான் வாங்கிய பேச்சு கொஞ்சமல்ல. பொம்பளப் புள்ள இதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜாலானில், நடுரோட்டில் நிற்பதா என்று அம்மா ஒரு தடவைகூட நான் வாசிப்பதைப் பார்க்க வந்ததில்லை. முதல் பாட்டைப் பதிவு செய்யப் போகிறோம் என்றதும், எந்தச் சாமி வந்து சொன்னதோ, முடிந்ததும் கொண்டுவா, கேட்கிறேன் என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு நான் எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறேன்!

இரண்டு மென்பொருள்களில் எதை வாங்குவது என்று பேச்சு வந்தது. ஒன்றில் எல்லாவற்றையும் நாமே கேட்டுக் கேட்டுச் சரிசெய்ய வேண்டும். இன்னொன்றில் ஒரு பொத்தானை அழுத்தினால் இரைச்சலை அதுவே கண்டுபிடித்து நீக்கிவிடுமாம். நம் கருவிகளை இரண்டிலும் பதிந்து கேட்டுவிட்டு முடிவு செய்வோம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே! அந்தப் பொத்தான் மென்பொருளோடு வந்த மாதிரிப் பாட்டைப் போட்டார்கள். கிட்டார், பியானோ, ஒரு வெள்ளைக்காரியின் குரல். கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று நாலு பேரும் சொக்கிப்போனார்கள். செருப்பு வாங்கப் போனவன் அடுத்தவன் காலில் போட்டுப் பார்த்து வாங்குவானா? இவர்கள் வாங்கினார்கள்.

கீபோர்டு வாசிக்கும் தம்பிதான் கணினி வேலையும் பார்த்தான். பாட்டை முடித்து என் கைப்பேசிக்கு அனுப்பினான். அம்மாவோடு சேர்ந்துதான் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வேலை முடிந்து நேரே வீட்டுக்கு ஓடினேன். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து போட்டேன்.

தவில் கேட்டது. கீபோர்டு கேட்டது. பாடியவர் குரல் பளிச்சென்று இருந்தது. உறுமி வர வேண்டிய இடத்தில் டொக் டொக்கென்று மறுபக்கத்தைக் குச்சி தட்டுகிற சத்தம் மட்டும். முனகலை அந்தப் பொத்தான் இரைச்சல் என்று வழித்து எடுத்துவிட்டிருந்தது.

அம்மா கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. நீ எப்ப வாசிப்ப?"

பாட்டே முடிந்துவிட்டிருந்தது.

அங்கேயே கீபோர்டுத் தம்பியைப் போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, உறுமி எங்கே என்று கத்தினேன். அவன் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"அக்கா, கிளீனா இருக்கு லா. அந்தச் சத்தம் நொய்ஸ் மாதிரிதான கேக்குது. நாலு பேருக்கும் ஓகே."

நாலு பேருக்கும் ஓகேயாம்! குழுவில் நான் ஒருத்தி இருப்பதே மறந்துபோயிற்று. ஆத்திரத்தில் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அம்மா கையை நீட்டிக் கைப்பேசியை வாங்கினாள். குரலை உயர்த்தவில்லை.

"தம்பி, நான் அவ அம்மா பேசுறேன். எம் மவ சத்தத்த எங்கய்யா வெச்சிருக்க? எடுத்துக் குடு. நான் இன்னும் கேக்கல."