ஆரியசாலையில் வெறும் வயிறு

ஆராய்ச்சி என்றால் வெள்ளைக் கோட்டும் மைக்ரோஸ்கோப்பும் என்று நம்பிப் பிஎச்டியில் விழுந்த என் சக பாவிகளே, இது ஆள் பிடிக்கிற தொழில். செல்லுக்குள் உணவை எரித்துச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா மந்தமானால் இதயம் என்னாகும் என்பது எங்கள் ஆய்வு. இதய நோயாளிகளின் ரத்தம் தாராளமாகக் கிடைத்தது. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் ரத்தமும் வேண்டும். மாசக் கடைசிக்குள் ஆள் சேராவிட்டால் என் படிப்பு அம்போ. அப்படித்தான் ஆரியசாலைக் கடைத்தெரு வத்தல் வியாபாரி சிவதாணு அண்ணாச்சியைப் பிடித்தேன். மகளே என்பதை மலையாள வாடையில் 'மோளே' என்றுதான் கூப்பிடுவார்.

பட்டினி

வெறும் வயிற்றோடு இருக்கணும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். குளிர்பெட்டியும் கையுமாக நானும் நர்ஸும் காலையில் கடைக்குப் போனால், அண்ணாச்சி வாயெல்லாம் காபி மணம். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அவருக்கோ கோபம்.

"காபி குடிக்காம எப்படி மோளே பட்டினி கெடக்க முடியும்?"

போணி

மறுநாள் காபி இல்லை. கையையும் நீட்டினார். நர்ஸ் ஊசியை எடுத்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். முதல் வியாபாரம் இன்னும் ஆகவில்லையாம். வத்தல் வாங்க ஆள் வரும்வரை காத்திருந்தால் மனுஷன் இட்லிக்குக் கிளம்பிவிடுவார். வேறு வழி? வத்தலை நானே வாங்கினேன். நான் இருப்பதோ ஹாஸ்டலில், அடுப்பே கிடையாது.

"போணிக்கு முன்னாடி கடையிலேருந்து ஒண்ணும் சும்மா போவாது மோளே, ரத்தமானாலும் செரி."

வேண்டாம்

ரத்தம் எடுத்த கையோடு ஈசிஜியும் எடுத்து எங்கள் ஆய்வை நடத்தும் டாக்டருக்கு அனுப்பினேன். "இவரா நோயில்லாதவர்? உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பு" என்றார். ஆளும் போச்சு; அதைவிட, மனுஷனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஆய்வில் உங்களைச் சேர்க்க முடியாது, இப்பவே கிளம்புங்க என்று கெஞ்சினேன். அண்ணாச்சிக்கு மானம் போய்விட்டது.

"மேலும் கீழும் நல்லா பாத்துட்டு வேண்டாங்கியே, நீ என்ன பொண்ணு பாக்கவா வந்தே?"

அடுத்த கடைக்காரர்

கடைசியில் அவர் மனைவிதான் வந்து ஆட்டோவில் ஏற்றினார். இதயக் குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்தார்கள். நல்லபடியாகத் திரும்பியவர், ரத்தம் கொடுக்கத் தெருவையே திரட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முதலில் வந்த பலசரக்குக் கடைக்காரரின் ஈசிஜி சுத்தமாக இருந்தது. உங்களைச் சேர்த்தாச்சு என்றேன். அவர் முகம் வெளிறிப்போனது.

"அண்ணாச்சிய வேண்டான்னதாலதானே பொழச்சாரு, என்னை மட்டும் எதுக்கு எடுத்துக்கிடுதே?"

என் படிப்பு தப்பித்தது, எங்கள் ஆய்வில் நோயில்லை என்று தேறியவர்கள்தான் ஆரியசாலை முழுக்க நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரிகிறார்கள்.