அரை வெள்ளி ரோஜாவும் என் தாடியும்

இன்று கடைக் கவுண்டரில் நிற்கும் அந்தோணிக்கு என்னை அடையாளமே தெரியவில்லை!

பிறகு குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். "அண்ணே, தாடி எங்க?" என்று கேட்டார்.

நான் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து விலை பார்ப்பதுபோல் நின்றேன். அவரிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கடை உங்களுக்குத் தெரிந்ததுதான். சிங்கப்பூரில் ஒன்று, ஈப்போவில் ஒன்று, நம் பினாங்கில் ஒன்று என்று கிளை திறந்து வைத்திருக்கும் வெள்ளைக்காரர் கடை. துரைசானிகள் தொப்பி வாங்க வருவார்கள். என்னைப் போல் கிடங்கில் கணக்கு எழுதும் கிராணிகள் மின்சார விசிறிக் காற்று வாங்கப் போவோம். (காற்றுக்கு பில் போட மாட்டார்கள்.)

நான் தாடி விட ஆரம்பித்த புதிதில், அங்கே பிஸ்கட் டின்களுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி நிறைய ரோஜாச் செடி! வேரில் ஈரப்பாசி சுற்றி, மெழுகுத் தாளில் பொட்டலம் கட்டி, மேலே படம் ஒட்டியிருந்தார்கள். படத்தில் இருந்த பூ குழந்தை முகம் அளவு. அப்படி ஒரு சிவப்பு. உள்ளே இருந்ததோ சில குச்சிகள். கப்பலில் வாடிப்போனதால் அரை வெள்ளிக்குத் தள்ளிவிட்டார்கள்.

வாங்கிவிட்டேன். என் மனைவி மீனாட்சி அப்போது மாசமாக இருந்தாள். மூன்றாவது முறை. முதல் இரண்டும் தங்கவில்லை.

தாடியும் அதனால்தான். மனைவி மாசமாக இருக்கும்போது கணவன் முடி வெட்டக்கூடாது, சவரம் செய்யக்கூடாது, மரம் செடியில் கத்தி வைக்கக்கூடாது என்பது நம் வீடுகளில் உள்ள வழக்கம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் முன்னால் நின்று அதை எப்படிச் சொல்வது? மூன்று முறையும் தாடி விட்டேன்.

(கிடங்கில் எனக்குச் சாமியார் என்றே பெயர். எனக்கு ஏதோ சீக்கு என்று நினைத்துப் பெரிய துரை மட்டும் விலகி நடந்தார்.)

டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டு வாசலில், மண்ணெண்ணெய் டின்னில் மண் நிரப்பிச் செடியை நட்டேன். அரிசி கழுவின தண்ணீரை மீனாட்சி தன் கையால்தான் ஊற்றுவாள். பொட்டலத்துப் படத்தைப் பிரித்தெடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டாள். முதல் பிள்ளைக்கென்று வாங்கின தொட்டில் கயிறு பெட்டியில் அப்படியே இருந்தது. இந்தப் பிள்ளையைத் தொட்டிலில் போடும் நாளில், முதல் பூவை அந்தக் கயிற்றில் கட்டவேண்டும் என்பது அவள் ஆசை.

குச்சி துளிர்த்தது! அடி எடுத்து வைக்கவே பயந்துகொண்டிருந்த மீனாட்சி அன்று வீடு முழுக்க நடந்தாள்.

கொஞ்ச நாளில் அடியிலிருந்து ஒரு கிளை கிளம்பியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சன்னல் உயரத்துக்கு வந்துவிட்டது. கடைக்குப் போய் அந்தோணியிடம் பெருமையடித்தேன். அவர் முகம் மாறிவிட்டது.

"ஒட்டுக்குக் கீழ வருதா அண்ணே? அது படத்துல உள்ள ரோஜா இல்ல லா. வேருக்காக வச்சுக் கட்டின காட்டு ரோஜா. உடனே வெட்டிடுங்க. இல்லாட்டி மேல உள்ளது செத்துப்போகும்."

வெட்டுவதா! நானா!

பக்கத்து வீட்டுக்காரரை விட்டு வெட்டச் சொல்லலாமா என்று மீனாட்சியிடம் கேட்டேன். யார் வெட்டினாலும் நம் வீட்டுச் செடிதானே என்றாள். வயிற்றில் கை வைத்துக்கொண்டு, "வேணாங்க. அது பாட்டுக்கு வளரட்டும்" என்றாள்.

அது பாட்டுக்கு வளர்ந்தது. மேலே இருந்த ரோஜா மஞ்சளாகி, கறுத்து, காய்ந்தது. ரோஜா போனால் போகட்டும், நமக்கு வேண்டியது வேறு என்று இருவரும் சொல்லிக்கொண்டோம். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. போக வேண்டியது அதோடு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பெண் குழந்தை பிறந்தது. அழவில்லை.

மருத்துவச்சி முதுகில் தட்டிப் பார்த்தாள், காலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். பிறகு துணியில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டாள். தலை நிறைய முடி. நான் ஒரு மயிரைக்கூட வெட்டவில்லையே, ஒரு இலையைக்கூடக் கிள்ளவில்லையே! இதை யாரிடம் போய்க் கேட்பது?

அடக்கம் முடிந்த பிறகு ஒரு நாள் நாவிதர் வீட்டுக்கு வந்து தாடியை எடுத்தார். தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் எடுக்க நினைத்திருந்த தாடி.

கண்ணாடியில் முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தாங்கவில்லை. பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். அந்தக் காட்டுக் கிளை இலையும் தழையுமாக, வெட்கமே இல்லாமல் நின்றது. இனிமேல் வெட்டலாமே, யார் தடுப்பது?

மீனாட்சி தடுத்தாள். வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விட்டுடுங்க. நமக்குன்னு அது ஒண்ணாச்சும் பொழச்சிருக்கு."

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

இன்று கடையில் மறுபடியும் அதே பெட்டி, அதே படம். இந்தத் தடவை நல்ல சரக்கு என்று அந்தோணி ஒரு பொட்டலத்தை நீட்டினார். பழையது பூத்ததா என்றும் கேட்டார். இன்னும் இல்லை என்று மட்டும் சொன்னேன். ரோஜா வாங்கவில்லை. வீட்டில் அந்தக் கிளை சாய்ந்து கிடந்ததால், கட்டி நிறுத்தக் கொஞ்சம் சணல் கயிறு வாங்கிக்கொண்டு வந்தேன்.

வந்து பார்த்தால் மீனாட்சி ஏற்கெனவே அதைச் சன்னல் கம்பியோடு கட்டியிருந்தாள். தொட்டில் கயிற்றால்.

இந்தக் காட்டு ரோஜா என்ன நிறத்தில் பூக்கும் என்று தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். அவள் கேட்கிறாள்.