அட்டை அறையைக் காத்த பத்மாவதியம்மா

போன செவ்வாய்க்கிழமை செவிலிமேடு பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். நெசவாளர் ஏழுமலை சைக்கிளை நிறுத்தி இறங்கினார். "பத்மாவதியம்மா போயிட்டாங்கபா. காலைல காபி குடிச்சிக்கினு இருந்தாங்களாம், அப்படியே சாஞ்சிட்டாங்க" என்றார். வந்த பஸ்ஸில் நான் ஏறவில்லை.

எங்கள் நெசவாளர் சங்கத்தில் அட்டை அறை அவர் பொறுப்பு. சேலைக் கரையில் எந்த உரு விழ வேண்டும் என்று தறிக்குச் சொல்லும் துளையிட்ட அட்டைகள், ஒரு டிசைனுக்கு நூற்றுக்கணக்கில், கயிற்றில் கோத்து அங்கே அடுக்கியிருக்கும். வீட்டில் இடமில்லாதவர்களும் கூரை ஒழுகுகிறவர்களும் கொண்டுவந்து வைப்பார்கள். சின்ன அறை, ஆளுக்கு ஒரு தட்டுதான். சங்கத் தலைவரின் மைத்துனர் இரண்டாவது தட்டு கேட்டார். "யாரோடத வெளிய வெக்கட்டும்? பேரைச் சொல்லுங்க, அவரையே கூப்பிட்டுக் கேக்கறேன்" என்றார் அம்மா. மைத்துனர் திரும்பிப் போய்விட்டார்.

ஒரு மழைக்காலத்தில் அம்மா தன் தங்கையின் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனார். குமாஸ்தாவான நான் அறையைப் பார்த்துக்கொண்டேன். புதிதாக வந்த அட்டைகள் தாழ்வாரத்தில் நனைந்தன. இடம் பண்ணுவதற்காக, ஒரு வருஷமாக யாரும் தொடாத கட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். அதில் ஒன்று ஏழுமலையுடையது. நெஞ்சு நோயோடு சென்னை ஆஸ்பத்திரியில் கிடந்தவர் அவர். பாதி நெய்த சேலை தறியிலேயே நின்றது. அந்த அட்டை இல்லாமல் மீதிக் கரை வராது.

அம்மா திரும்பிய அன்றே, ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்ட ஏழுமலையும் அட்டையை வாங்கிப்போக வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். அம்மாவிடம் உள்ளே நடந்ததைச் சொன்னேன்.

"யாரைக் கேட்டு எடுத்தே?"

"யாரையும் கேக்கலைம்மா."

 அம்மா வெளியே ஏழுமலையிடம் போய், "உங்க அட்டை எங்ககிட்ட தவறிப்போச்சு. அந்த டிசைன் வரைபடத்தோட நகல் என் வீட்டுல இருக்குது. பதினைஞ்சு நாள்ல புதுசா அடிச்சுத் தர்றேன்" என்றார். என் பெயர் வரவில்லை.

ஒவ்வொரு டிசைனுக்கும் வரைபட நகல் எடுத்துத் தன் வீட்டில் வைத்திருந்தார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஏன் என்று கேட்டேன். "ஒண்ணு இங்க இருந்தா இன்னொண்ணு வேற கூரைக்கு அடியில இருக்கணும்பா. மழைக்கு நம்ம சங்கம்னு தெரியுமா?"

தினமும் மாலையில் அவர் வரைபடத்தைக் கட்டம் கட்டமாக வாசித்தார், நான் துளை அடித்தேன். தறியில் ஏற்றிய அன்று இருவரும் போனோம். பழைய கரையோடு புதுக்கரை ஒட்டிக்கொண்டு வந்தது. ஏழுமலை அதை விரலால் தடவிப் பார்த்தார். என்னால் பொறுக்க முடியவில்லை. "தூக்கிப் போட்டது நான்தாங்க" என்றேன்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா அடிச்சிருப்பேன்பா" என்றவர், மனைவியிடம் மூன்று டீ போடச் சொன்னார்.

அடுத்த மாதம் அம்மாவுக்கு மறுபடியும் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. வேறு ஆள் பாருங்கள் என்று நானே சொன்னேன். "ஏன், நீ இருக்கியே" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்த ஒரு வார்த்தை. அதை நான் தொலைக்கவில்லை.