கஞ்சி போட்ட காக்கி

முனீஸ்வரி தல்லாகுளத்தில் வக்கீல் கோட்டும் ஸ்கூல் யூனிஃபார்மும் தைக்கிறவள். பிறந்தது திருவாதவூர். நாற்று நட்ட கைதான் பிறகு தையல் மிஷினைப் பிடித்தது. அறுபது வருஷத்துக்கு முந்தைய போலீஸ் உடுப்பு பன்னிரண்டு செட் வேண்டும் என்று சினிமாக்காரர்கள் வந்தபோது, முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

முதல் தடவை தைத்ததை, "ஸ்கூல் டிராமா மாதிரி இருக்குக்கா" என்று உதவி இயக்குநர் சித்தார்த் திருப்பி அனுப்பிவிட்டான். இன்றும் சரியில்லை என்றால் வேலை சென்னைக்குப் போய்விடும். அப்புறம் எந்த சினிமாக்காரனும் அவள் கடைப் படி ஏற மாட்டான். மூன்று நாளாகத் துணியை டீத்தூள் தண்ணீரில் ஊறவைத்து, மொட்டைமாடியில் காயப்போட்டு, டவுசர் மடிப்பு விறைத்து நிற்கும்வரை கஞ்சி போட்டாள். பித்தளைப் பட்டன்களைப் புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தவர் அவளுடைய அப்பா கருப்பு. எழுபத்தெட்டு வயது. நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் நடந்த படப்பிடிப்புக்கு ஆட்டோவில் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவரும் வந்திருந்தார்.

துணை நடிகர் ஒருவர் உடுத்திக்கொண்டு வந்தார். சித்தார்த் அவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"டவுசர் நீளம் கூடிருச்சோ?"

முனீஸ்வரி குனிந்து டவுசர் ஓரத்தை இழுத்துப் பார்த்தாள். "அண்ணே, கொஞ்சம் நடந்து காட்டுங்க" என்றாள் நடிகரிடம்.

அவர் சிவப்புத் தொப்பியைச் சரிசெய்து, லத்தியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கருப்பு நின்ற பக்கமாக நடந்தார்.

கருப்பு செருப்பைக் கழற்றினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். முதுகு வளைய ஓரமாக ஒதுங்கி நின்றார். வயல் கூலியைக் கூட்டிக் கேட்ட வருஷம் அந்தச் சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர்கள் லத்தியோடு அவர் தெருவுக்குள் வந்ததை முனீஸ்வரி கேள்விப்பட்டிருக்கிறாள். அவர் ஒருநாளும் அதைப் பேசியதில்லை.

பெரியவர் நின்ற கோலத்தைப் பார்த்துச் சித்தார்த் சிரித்தான். "இதுக்கு மேல என்னக்கா வேணும்? பன்னெண்டும் ஓகே."

அவள் எதிர்பார்த்த சந்தோஷம் வரவில்லை. வெட்கமும் ஆத்திரமும்தான் வந்தன. அப்பாவிடம் போய், செருப்பை எடுத்து அவர் காலடியில் வைத்தாள்.

"போட்டுக்கங்கப்பா. அது நான் தச்ச உடுப்பு."

"தெரியும்த்தா" என்றார் கருப்பு, தலை நிமிராமல். "அவரு அங்குட்டுப் போயிரட்டும். போட்டுக்கிறேன்."